எந்தப் பைத்தான்? ஒரு பெயரின் உரிமை குறித்த வரலாற்றுக் குறிப்பு

தமிழிலக்கிய வரலாறு பயின்றோர்க்கு ஔவையார் சிக்கல் புதிதன்று. அதியமானைப் பாடிய ஔவையும் ஆத்திசூடி தந்த ஔவையும் ஒருவரல்லர் என்பதை இடையிலுள்ள நூற்றாண்டுகளும் மொழிநடையும் காட்டிவிடுகின்றன. ஆயினும் நூலக அடுக்கில் இருவரும் ஒரே பெயரோடுதான் நிற்கின்றனர். 'ஔவையார் பாடினார்' என்று ஒருவர் சொன்னால், எந்த ஔவை என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். கணினியை ஆய்வுக்கருவியாகக் கொண்டவர்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளாக இதே கேள்வியை வேறொரு பெயரைக் குறித்துக் கேட்டு வருகின்றனர்: எந்தப் பைத்தான்?

ஒரே கணினியில் ஒரு நிரல்மொழியின் பல பதிப்புகளை வைத்து ஆள்வது பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளின் பட்டியலொன்றைத் தருவார்கள். அப்பட்டியலைப் படிக்கும் ஆய்வு மாணவர், இரு பதிப்புகளை ஒருங்கே வைத்திருப்பதுதான் கடினம் போலும் என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அது மிக எளிது. இரண்டு அடைவுகளை உருவாக்கி, ஒன்றில் ஒரு பதிப்பையும் மற்றொன்றில் அடுத்ததையும் நிறுவினால் போதும். யூனிக்ஸ் வழிவந்த எந்த இயங்குதளமும் இதைத் தடுப்பதில்லை. பதிப்பெண் சேர்க்காமல் 'பைத்தான்' என்று மட்டும் ஒருவர் தட்டச்சிடும்போது, இருவரில் எவர் 'ஏன்' என்று குரல் கொடுப்பது என்பதே வழக்கு. இந்த வரலாற்றை ஒரு பெயரின் மீதான உரிமைப் போராட்டமாகப் படிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

வழக்கின் வேர் 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இருக்கிறது. அதனுடன் வந்த போர்ன் ஷெல், 'பாத்' என்னும் சூழல்மாறியைப் பயன்படுத்தியது. அதில் அடைவுகளின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பயனர் ஒரு கட்டளையைத் தட்டச்சிட்டால், இயங்குதளம் அவ்வரிசையை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு போய், அப்பெயருடைய கோப்பு முதன்முதலில் எங்கே அகப்படுகிறதோ அதை இயக்கும். வரிசையில் முந்தியவருக்கே பெயர். பின்னால் இருப்பவர் எவ்வளவு புதியவராயினும், எவ்வளவு பொருத்தமானவராயினும் அழைக்கப்படுவதில்லை. பின்னாளில் தோன்றிய பதிப்பு மேலாண்மைக் கருவிகளுள் பெரும்பாலானவை, அலங்காரங்களைக் களைந்து பார்த்தால், இந்த வரிசையை மாற்றி அமைக்கும் உத்திகளே.

அவ்வுத்திகளுள் முதன்முதலாக ஒழுங்குமுறை பெற்றது மீக்கணினி மையங்களில் இன்றும் வழங்கும் 'மாட்யூல்ஸ்'. ஜான் ஃபர்லானி 1991இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த 'லிசா' மாநாட்டுக் கட்டுரை வழியாக அதை அறிமுகப்படுத்தினார். நூற்றுக்கணக்கானோர் ஒரே இயந்திரத்தைப் பகிரும் இடத்தில் ஒருவருக்குப் பழைய நிரல்தொகுப்பி வேண்டும், மற்றவருக்குப் புதியது வேண்டும். இரண்டையும் மையத்தின் நிர்வாகி நிறுவி வைப்பார். எவருடைய அமர்வில் எது முன்னே நிற்க வேண்டும் என்பதை அந்தந்தப் பயனர் 'மாட்யூல் லோடு' என்ற கட்டளையால் முடிவுசெய்வார். வாரணாசி ஐஐடியின் பரம் சிவாய், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பரம் பிரவேகா போன்ற நம் நாட்டு மீக்கணினிகளில் பணிபுரிவோர் இக்கட்டளையை நன்கறிவர். நிறுவும் அதிகாரம் நிர்வாகியிடம், தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பயனரிடம் என்ற இப்பங்கீடு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருப்பது வியப்புக்குரியது. தனியாள் கணினிகளில் இத்தகைய தெளிவான பங்கீடு ஏற்படாமற்போனதன் விளைவுகளைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

2008 டிசம்பர் 3 அன்று பைத்தான் 3.0 வெளிவந்தது. பழைய நிரல்கள் புதிய பதிப்பில் அப்படியே இயங்கா என்று அறிவித்துவிட்டு, மொழியை உருவாக்கியோரே செய்த முறிவு அது. அச்சிடும் கட்டளையின் வடிவம் மாறியது. ஆனால் அது உரக்கக் கத்தும் பிழை, ஒரு நாளில் திருத்திவிடலாம். வாய் திறவாமல் விடையை மட்டும் மாற்றிய மாறுதல்களே ஆய்வாளரைக் கவலைகொள்ளச் செய்பவை. பைத்தான் 2இல் ஏழை எட்டால் வகுத்தால் விடை 0. பைத்தான் 3இல் 0.875. எட்டுத் தொடர்களில் ஏழு தொடர்களில் வரும் ஒரு சொல்லின் நிகழ்வு விகிதத்தைக் கணக்கிடும் நிரலை எண்ணிப் பாருங்கள். பழைய பதிப்பில் அச்சொல் வரவேயில்லை என்று அட்டவணை சொல்லும். எந்தப் பிழைச்செய்தியும் தோன்றாது.

தமிழ்த் தரவுகளோடு பழகுவோர்க்கு இம்முறிவு இன்னும் அருகில் நிற்கிறது. 'தமிழ்' என்ற சொல்லை யுடிஎஃப்-8 கோப்பொன்றிலிருந்து அப்படியே படித்து அதன் நீளத்தைக் கேட்டால், பைத்தான் 2 பதினைந்து என்று சொல்லும், ஏனெனில் அது பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 3 ஐந்து என்று சொல்லும்: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்னும் ஐந்து யூனிகோடு குறியீடுகள். மூன்றெழுத்து என்று சொல்லும் நம் இலக்கணத்துக்கு இரண்டும் உடன்பாடில்லை. அதற்கு ஓப்பன்-தமிழ் போன்ற தனி நிரலகம் வேண்டும். யூனிகோடு சரங்களுக்கென்று பைத்தான் 2இலும் தனி வகை இருந்தது உண்மைதான், ஆனால் அதை நினைவாகக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. ஆக, 2010களில் எழுதப்பட்ட ஒரு சொற்றொகுதி ஆய்வேடு 'பைத்தான் கொண்டு கணக்கிடப்பட்டது' என்று மட்டும் குறிப்பிட்டிருந்தால், சராசரிச் சொன்னீளம் குறித்த அதன் எண்களை நாம் எந்த அளவுகோலால் படிப்பது?

பழைய வரிசையை 2015இல் முடித்துக்கொள்வது முதல் திட்டம். 2014இல் அது 2020 வரை நீட்டிக்கப்பட்டது. 2.7.18 என்னும் கடைசி வெளியீடு 2020 ஏப்ரல் 20 அன்று வந்தது. பதினோராண்டுக்கும் மேலாக இரு மொழிகள் ஒரே பெயரில் வாழ்ந்தன. அக்காலத்தில் லினக்ஸ் வழங்கல்கள் பெயருக்கு எவ்வாறு தீர்ப்பு வழங்கின என்பது தனியே எழுதத்தக்க கதை.

பேக்கேஜ் மேனேஜர் என்னும் பொதி மேலாளர், ஒரு கணினியில் எந்த நிரல், எந்தப் பதிப்பில், எவ்வெவற்றைச் சார்ந்து நிறுவப்பட்டுள்ளது என்று கணக்கு வைக்கும் நிரல். டெபியன் மரபில் ஒரு பெயருக்கு ஒரு பதிப்புதான். புதியது வந்தால் பழையது வெளியேறும். இரண்டும் வேண்டுமென்றால் பதிப்பெண்ணைப் பெயருக்குள்ளேயே ஏற்றிவிட வேண்டும்: பைத்தான்2.7 ஒரு பொதி, பைத்தான்3.4 மற்றொரு பொதி. கணக்கைப் பொறுத்தவரை இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு மென்பொருள்கள். ஜென்டூ வழங்கலோ ஒரே பெயருக்குள் 'ஸ்லாட்' எனப்படும் அறைகளைப் பகுத்தது. இவை பொதிகளின் பெயர்களைத் தீர்த்தனவேயன்றி, எண்ணில்லாத வெறும் 'பைத்தான்' கட்டளை எவருக்கு என்பதைத் தீர்க்கவில்லை. 2010 அக்டோபரில் ஆர்ச் லினக்ஸ் துணிந்து அப்பெயரைப் பைத்தான் 3க்கு அளித்தது. டெபியனும் ரெட்ஹாட்டும் பைத்தான் 2க்கே வைத்திருந்தன. ஒரே நிரல் ஒரு கணினியில் ஓடி மற்றொன்றில் விழுந்தது. இக்குழப்பத்தை ஒழுங்குசெய்ய 2011இல் எழுந்ததுதான் 'பெப் 394' என்னும் பரிந்துரை: பைத்தான்2, பைத்தான்3 என்னும் எண்ணேற்ற பெயர்கள் எங்கும் இருக்கட்டும், வெறும் பெயர் இப்போதைக்குப் பழையதையே சுட்டட்டும். முடிவைத் தள்ளிப்போட்ட தீர்ப்பு என்று இதைக் குறை சொல்வார் உண்டு. எனக்கென்னவோ, வழக்காடிகள் இருவரும் உயிரோடிருக்கும்போது அதைவிட நேர்மையான தீர்ப்பு இயலாது என்றே தோன்றுகிறது.

ரெட்ஹாட் குடும்பத்தின் நிலை இன்னும் இக்கட்டானது. அங்கே பொதிகளை ஆண்ட 'யம்' என்னும் கருவி பைத்தானிலேயே எழுதப்பட்டிருந்தது. யெல்லோ டாக் லினக்ஸ் என்னும் வழங்கலின் கருவியொன்றை அடிப்படையாகக் கொண்டு டியூக் பல்கலைக்கழகத்தில் சேத் விடாலும் பிறரும் வளர்த்தெடுத்தது அது. சென்ட்ஓஎஸ் 6 பைத்தான் 2.6ஐக் கொண்டு வந்தது. அதற்கான ஆதரவு 2020 நவம்பர் வரை நீடித்தது. பைத்தான் சமூகமோ 2.6ஐ 2013லேயே கைவிட்டிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு பல்கலைக்கழகச் சேவையகத்தில் ஆய்வு மாணவர் ஒருவருக்கு 2.7 தேவைப்படுகிறது என்று கொள்வோம். நிர்வாகி அதை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவி, மாணவருக்கு வசதியாக இருக்கட்டுமென்று 'பைத்தான்' என்ற இணைப்பைப் புதியதை நோக்கித் திருப்பிவிடுவார். மறுகணம் யம் இறந்துவிடும். அதன் முதல் வரி வெறும் பைத்தானைத்தான் அழைக்கிறது. புதிய பைத்தானுக்கு யம்மின் உறுப்புகள் எங்கேயிருக்கின்றன என்பது தெரியாது. மேலாளரே விழுந்துவிட்டபின் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேறு எந்த மேலாளரைக் கேட்பது? நான் பயன்படுத்திய ஒரு பொதுச் சேவையகம் இவ்வாறு இரு நாள் முடங்கிக் கிடந்ததுண்டு. அந்நாளைய கேள்வி-பதில் தளங்களில் மிகுதியாக எழுந்த புலம்பல்களுள் இதுவும் ஒன்று.

வெறும் மனிதப் பிழையாக இதை ஒதுக்கிவிட முடியாது. இயங்குதளம் தன் சொந்த உறுப்பாகக் கருதிய பைத்தானும், பயனர் தன் கருவியாகக் கருதிய பைத்தானும் வெவ்வேறு பொருள்கள். முன்னதற்கு நிலைத்தன்மை வேண்டும், பின்னதற்குப் புதுமை வேண்டும். இரண்டையும் ஒரு பெயரில் கட்டிவைத்ததே கோளாறு. ரெட்ஹாட் இதை உணரச் சில ஆண்டுகள் ஆயின. 2013இல் 'சாஃப்ட்வேர் கலெக்ஷன்ஸ்' என்ற பெயரில் மாற்றுப் பதிப்புகளைத் தனி அடைவில் வைத்தது. 2019இல் வந்த எட்டாம் பதிப்பில் இயங்குதளத்தின் சொந்தப் பைத்தானைப் 'பிளாட்ஃபார்ம்-பைத்தான்' என்று பெயர்மாற்றி உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, வெறும் 'பைத்தான்' என்ற பெயரை எவருக்கும் அளிக்காமல் காலியாக விட்டது. உபுண்டு 20.04இன் தீர்வு நகைச்சுவை கலந்தது: அப்பெயர் வேண்டுவோர் நிறுவிக்கொள்ளட்டும் என்று 'பைத்தான்-இஸ்-பைத்தான்3' என்றொரு பொதியை வெளியிட்டது. ஒரே ஓர் இணைப்பை உருவாக்குவதன்றி அதற்கு வேறு பெரிய வேலையில்லை.

இத்தனைக்கும் விடை வேறொரு மூலையில் முன்பே எழுதப்பட்டிருந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை 2006இல் அளித்தார். அதன் பயனாக விளைந்த 'நிக்ஸ்' பொதி மேலாளர், பெயரையே நம்புவதில்லை. ஒரு மென்பொருளை உருவாக்கப் பயன்பட்ட மூலநிரல், தொகுப்பி, சார்ந்த நிரலகங்கள், கட்டுமானக் குறிப்புகள் அனைத்திலிருந்தும் முப்பத்திரண்டு எழுத்துக் கைரேகை ஒன்றைக் கணக்கிட்டு, அக்கைரேகையையும் பெயரோடு சேர்த்து அடைவுக்குப் பெயரிடுகிறது. ஒரே பைத்தான் 2.7, வேறொரு சி நிரலகத்தோடு தொகுக்கப்பட்டால், வேறு கைரேகை பெற்று வேறிடத்தில் அமரும். எதுவும் எதையும் அழிப்பதில்லை. சுவடியியல் பயின்றவர்கள் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வார்கள். 'புறநானூறு' என்று மட்டும் சொல்லாமல், எந்த ஏட்டிலிருந்து எவர் படியெடுத்தது என்பதையும் சேர்த்தே ஒரு படியை அடையாளம் காண்பதற்கு ஒப்பானது இது. 2012இல் லுடோவிக் குர்த்தே தொடங்கிய 'கீக்ஸ்' இதே நெறியைப் பின்பற்றியது. ஆயினும் இவை நெடுநாள் சிறுபான்மையினரின் கருவிகளாகவே இருந்தன. நிக்ஸைக் கற்க அதற்கென்றே உரிய ஒரு மொழியைக் கற்க வேண்டும். ஆய்வேட்டின் கடைசி ஆண்டில் இருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பெருவாரியான மக்கள் சென்ற வழி ரூபி மொழிச் சமூகத்தில் வெட்டப்பட்டது. 2009இல் வேய்ன் செகின் உருவாக்கிய ஆர்விஎம், அடைவு மாற்றும் அடிப்படைக் கட்டளையான 'சிடி'யையே கைப்பற்றி, எந்த அடைவுக்குள் நுழைகிறோமோ அதற்கேற்ற ரூபியை முன்னிறுத்தியது. இது அத்துமீறல் என்று கருதிய சாம் ஸ்டீபன்சன் 2011இல் ஆர்பிஎன்வியை எழுதினார். வரிசையின் தலையில் 'ஷிம்' எனப்படும் இடைத்தரகரை அமர்த்தி, வரும் அழைப்பை உரிய பதிப்புக்குக் கைமாற்றுவது அதன் முறை. ஆர்பிஎன்வியைப் பைத்தானுக்கென மாற்றியெழுதியதே இன்றைய பைஎன்வி. பெயருக்கான அதிகாரம் இங்கே இயங்குதளத்தின் கையிலிருந்து ஆய்வுத்திட்டத்தின் அடைவுக்கு இறங்கிவந்தது. ஓர் அடைவில் கிடக்கும் ஒற்றைவரிக் கோப்பு, இங்கே பைத்தான் என்றால் இன்ன பதிப்பு என்று சொல்லிவிடுகிறது.

அறிவியலாளர்களின் தேவை இதிலும் அடங்கவில்லை. இயன் பிக்கிங் 2007இல் அளித்த வெர்ச்சுவல்என்வி, ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி நிரலகங்களை வைத்துக்கொள்ள இடம் தந்தது. ஆனால் பைத்தான் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது என்பதை அது முன்னனுமானமாகக் கொண்டது. நம்பை, சைபை போன்ற நிரலகங்களின் அடியில் சியும் ஃபோர்ட்ரானும் இருக்கின்றன. அவற்றைத் தொகுக்கும் கருவி இல்லாத கணினியில் பிப் அக்காலத்தில் பயனற்றது. 2012 மார்ச்சில் கூகுளில் நடந்த பைடேட்டா கூட்டத்தில் இக்குறை முன்வைக்கப்பட்டபோது, பைத்தானின் தந்தையான கைடோ வான் ராசம், உங்கள் தேவை பொதுத்தேவையினின்று வேறுபட்டது, நீங்களே தனியாக ஒன்றைக் கட்டிக்கொள்வது நலம் என்ற பொருள்பட விடையளித்தார். அவ்வாண்டே டிராவிஸ் ஆலிஃபண்ட், பீட்டர் வாங் ஆகியோரின் காண்டினியம் நிறுவனம் 'கோண்டா'வை வெளியிட்டது. பைத்தானையே பல பொதிகளுள் ஒரு பொதியாக நடத்தியது அதன் சிறப்பு. ஒரு சூழலில் 2.7, மற்றொன்றில் 3.6, இரண்டிலும் தொகுத்து முடித்த நம்பை. நிர்வாகியின் அனுமதி எதுவும் தேவையில்லை. இந்தியப் பல்கலைக்கழக விடுதிகளின் மடிக்கணினிகளில் கோண்டா பரவியதற்கு இந்தக் கடைசிச் செய்தியே பெரும் காரணம் என்பது என் கணிப்பு.

இயங்குதளத்துக்கும் பயனருக்கும் இடையிலான எல்லை சட்டமாக எழுதப்பட்டது 2020களில்தான். 'பெப் 668' பரிந்துரையை ஏற்று 2023இல் வந்த டெபியன் 12, இயங்குதளத்தின் பைத்தானுக்குள் பிப் கொண்டு எதையும் நிறுவ முயன்றால், இச்சூழல் வேறொருவரால் ஆளப்படுகிறது என்று சொல்லி மறுத்துவிடும். பலர் எரிச்சலடைந்தனர். மீற விரும்புவோர்க்கு ஒரு வழியுண்டு. அந்த விருப்பத்தேர்வின் பெயரே 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்'. கையெழுத்திடுமுன் விளைவைத் தானே வாசித்துக்காட்டும் இத்தகைய ஆவணம் சட்டத்துறையில்கூட அரிது. 2024இல் ஆஸ்ட்ரல் நிறுவனம் வெளியிட்ட 'யூவி' ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் வேண்டிய பைத்தான் பதிப்பையும் அதுவே இறக்கித் தருகிறது. பைத்தானை ஆளும் மேலாளர் பைத்தானைச் சார்ந்திராததால், யம்முக்கு நேர்ந்த கதி இதற்கு நேர வழியில்லை.

இவையெல்லாம் இனி எழுதப்படும் நிரல்களுக்கானவை. எழுதி முடிக்கப்பட்டு, நூலகங்களில் கட்டுமானம் செய்யப்பட்டு அடுக்கப்பட்ட ஆய்வேடுகளின் நிலை வேறு. பிரான்சின் கொன்ராட் ஹின்சனும் நிக்கோலா ரூஜியேவும் 'ரீசயின்ஸ் சி' இதழின் வாயிலாக ஓர் அறைகூவல் விடுத்தனர்: பத்தாண்டுக்கு முன் நீங்கள் வெளியிட்ட கட்டுரையின் நிரலை 2020இல் மீண்டும் இயக்கிக் காட்டுங்கள். ரூஜியே தம் பதின்பருவத்தில் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதி இதழொன்றில் வெளியான நிரலைத் தேடியெடுத்து இயக்கினார். முப்பதாண்டு பழைய பேசிக் நிரல் மீண்டும் ஓடியது. ஏனெனில் அது எந்த நிரலகத்தையும் சாரவில்லை, அதன் மொழி அந்த இயந்திரத்துக்குள்ளேயே உறைந்து நின்றது. அடுக்கடுக்கான சார்புகளின் மீது எழுந்த நம் கால நிரல்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நம்பை பைத்தான் 2ஐ ஆதரித்த கடைசி வரிசை 2019 ஜனவரியில் வந்த 1.16; பைத்தான் 2இல் எழுதப்பட்ட ஆய்வேட்டு நிரலை இன்றைய நம்பையோடு அப்படியே இயக்க நினைப்பது வீண் முயற்சி.

ஆயினும் பழைய ஏடுகள் முற்றும் அழிந்துவிடவில்லை. 2005 முதல் தன் களஞ்சியத்தில் இடம்பெற்ற பொதிகளை நாள்வாரியாகச் சேமித்து வைக்கும் 'ஸ்னாப்ஷாட்' என்னும் காப்பகத்தை டெபியன் நடத்திவருகிறது. 2012ஆம் ஆண்டின் ஒரு நாளைக் குறிப்பிட்டு, அன்று டெபியனில் இருந்த பைத்தானையும் அதன் சார்புகளையும் இன்றும் பெறலாம். கீக்ஸில் 'டைம்-மெஷின்' என்றே ஒரு கட்டளை உண்டு. இவற்றைப் பயன்படுத்த வேண்டுமாயின் ஆய்வேட்டில் இரண்டு செய்திகள் பதிவாகியிருக்க வேண்டும்: பதிப்பெண், நிரல் இயக்கப்பட்ட நாள். எங்கள் துறை நூலகத்தில் 2011 முதல் 2019 வரையிலான கணினிவழி மொழியாய்வு ஏடுகளை இம்மாதம் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் குறித்திருப்பவை இதுவரை நான்கு. உங்கள் துறை ஏடுகளில் நிலைமை எப்படி என்பதைப் பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள்.